படகுக்காரிக்கு எத்தனை வயது

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை எனக்குப் பத்தொன்பது வயது நடக்கும். தோளில் மூலிகைப் பையோடு, நெருப்பைக் கண்டு பயப்படாமல், யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்காமல் நடந்துபோகிற பெண் நான். ஒரு மணிக்குப் பிறகு முப்பத்தொன்று முடிந்தவள். தி. நகரில் மூன்றாவது மாடி வாடகை வீட்டில் கணவரோடும் இரண்டே முக்கால் வயது மகளோடும் இருப்பவள். அடையாறிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது மகள் சாப்பிட்டிருப்பாளா, பால்கனிக் கதவைப் பூட்டச் சொன்னேனா, சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று வரிசையாக ஒவ்வொன்றும் ஞாபகத்துக்கு வரும். அந்த மூன்று மணி நேரம் மட்டும் எதுவும் வராது.

அடையாறு வீடு என் கல்லூரி சீனியருடையது. வங்கியில் வேலை பார்க்கிறாள். அவளுடைய சாப்பாட்டு மேஜையில்தான் எங்கள் விளையாட்டு நடக்கும். அவள் ஓர் உலகத்தைக் கற்பனை செய்து வைத்திருக்கிறாள். மலை, கோட்டை, ஆறு, அரசர், கொள்ளைக்காரர் எல்லாம் அதில் உண்டு. நாங்கள் மூன்று பேர் ஆளுக்கொரு பாத்திரமாக அந்த உலகத்துக்குள் போவோம். என்ன பார்க்கிறோம் என்று அவள் சொல்வாள், என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்வோம். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் இருபது முகமுள்ள பகடையை உருட்டுவோம். பெரிய எண் வந்தால் நடக்கும். இப்படிக் கதை நடத்துபவரை எல்லா ஊரிலும் கேம் மாஸ்டர் என்பார்கள். நாங்களும் அப்படியே சொல்கிறோம்.

மற்ற இருவரில் ஒருத்தி மயிலாப்பூரிலிருந்து வருகிற சி.ஏ. மாணவி. அவளுடைய பாத்திரம் காட்டு இனத்தைச் சேர்ந்தவள், நானூறு வயதைத் தாண்டியவள். இன்னொருவர் ராயப்பேட்டையில் டூவீலருக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருப்பவர். வயது நாற்பது இருக்கும். கேம் மாஸ்டரின் ஸ்கூட்டருக்கு சீட் மாற்றிக் கொடுக்க வந்த நாளில், மேஜை மேல் கிடந்த பகடையைப் பார்த்து, "இது இன்னாது, இத்தினி மூஞ்சி கீது?" என்று கேட்டு உட்கார்ந்தவர். அவரை நான் அண்ணா என்பேன். அவருடைய பாத்திரம் ஒரு வயதான படகுக்காரி.

நாலு பேரில் நன்றாக விளையாடுபவர் அவர்தான். படகுக்காரியாகப் பேசும்போது குரலை மாற்ற மாட்டார். வேகத்தை மட்டும் குறைப்பார். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் துடுப்பு ஒருமுறை தண்ணீருக்குள் போய் வருகிற அளவு இடைவெளி விடுவார். நாங்கள் மூவரும் காத்திருப்போம். ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: "கடையில நான் பேசுனா மிஷினு சத்தம்தான்மா கேக்கும். வூட்ல பேசுனா டிவி. இங்க நம்ம கெய்வி வாயத் தொறந்தா மூணு பேரு கம்முனு கீறீங்க." கெய்வி என்றால் கிழவி. அவர் படகுக்காரியை அப்படித்தான் கூப்பிடுவார்.

என் வேலை நோட்டு எழுதுவது. யார் என்ன செய்தார்கள், யாருக்கு எங்கே அடிபட்டது, எந்த மாதம், எந்த வருடம், யாருக்கு என்ன வயது, எல்லாம் அதில் இருக்கும். மேஜையில் வாக்குவாதம் வந்தால் நோட்டைப் பார்ப்போம். நோட்டில் இருப்பதுதான் சட்டம். அது கேம் மாஸ்டர் முதல் நாளே சொன்னது.

இந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மற்ற காரியங்களில் எனக்குத் துணிச்சல் கிடையாது. கேஸை மூடிவிட்டு வந்து, படி இறங்கி, மறுபடி ஏறிப் போய்ப் பார்ப்பேன். ஆனால் வயதுக் கணக்கு எனக்கு வரும். என் மகள் ஏழு வாரம் முன்னதாகப் பிறந்தவள். இரண்டு வயது வரை அவளுக்கு இரண்டு வயதுகள் இருந்தன: பிறந்த நாளிலிருந்து எண்ணுவது ஒன்று, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுவது ஒன்று. கோபாலபுரத்தில் குழந்தை மருத்துவரின் வரவேற்பறையில் நர்ஸ் "எத்தனை மாசம்?" என்று கேட்டால், "எட்டு மாசம், திருத்தினா ஆறு மாசம் பன்னெண்டு நாள்" என்று பேப்பரைப் பார்க்காமல் சொல்வேன். அவள் உட்கார்ந்தது, தவழ்ந்தது, முதல் பல் எல்லாவற்றையும் இரண்டு கணக்கிலும் வைத்திருந்தேன். அப்படிப்பட்ட எனக்கு நானூறு வயதுக் காட்டுப் பெண்ணின் வயதெல்லாம் ஒரு கணக்கே இல்லை.

அந்த உலகத்தில் வருடங்களுக்கு எண் கிடையாது. கேம் மாஸ்டர் வீட்டுப் பஞ்சாங்கத்தில் இருக்கும் அறுபது வருடப் பெயர்களை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டாள். பிரபவ, விபவ என்று தொடங்கி அறுபது பெயர் முடிந்ததும் திரும்பப் பிரபவவிலிருந்து வரும். அதை ஒரு சுற்று என்போம். தான் பிறந்த வருடத்தின் பெயர் திரும்பி வருவதைப் பார்த்தவருக்கு ஒரு சுற்று, அதாவது அறுபது வயது, முடிந்தது. காட்டு இனத்தாருக்கு ஒரு சுற்று ஒன்றுமே இல்லை. மயிலாப்பூர்ப் பெண் தன் பாத்திரத்தின் வயதைச் சொல்லும்போது, "ஏழு சுத்து முடிஞ்சு இருபத்திரெண்டு நடந்துண்டிருக்கு" என்று தலையைக் கொஞ்சம் சாய்த்துச் சொல்வாள். மனிதர்களுக்கு ஒரு சுற்றுதான். சுற்று முடிந்த மனிதர் அடுத்த முறை ஆற்றில் கால் வைக்கும்போது ஆறு அவரை அழைத்துக்கொள்ளும். அது சாவு இல்லை. ஆற்றுக்குள் வேறு மக்கள் இருக்கிறார்கள், அவர்களோடு போய்விடுவார். ஆனால் விளையாட்டில் அந்தப் பாத்திரம் திரும்பி வராது. அழகான விதி என்று எல்லோரும் தலையாட்டி ஒப்புக்கொண்டதுதான்.

படகுக்காரிக்கு அந்த நாள் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த வருடம் ஆனியில், வெகுதானிய வருடத்தில் என்று என் நோட்டு சொன்னது. எங்கள் வேகத்தில் விளையாட்டின் ஒரு வருடம் கடக்க வெளியேயும் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகும். அண்ணா அவ்வப்போது கேட்பார்: "கெய்விக்கு இன்னும் எம்மா நாளு கீது?" நான் நோட்டைப் பார்த்துச் சொல்வேன். அவர் நிம்மதியாக டீயை எடுத்துக்கொள்வார்.

அசோக் நகரில் ஒரு சின்னப் பள்ளியில் மகளைச் சேர்க்க விண்ணப்பம் வாங்கப் போனேன். அங்கேயே உட்கார்ந்து பூர்த்தி செய்யச் சொன்னார்கள். மகள் என் மடியில் உட்கார்ந்து பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். வயது என்ற கட்டத்தில் மூன்று என்று எழுதினேன். எழுதிவிட்டு, நீட்டுவதற்கு முன் பெயர், முகவரி, தடுப்பூசி விவரம் எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன்.

அலுவலகத்து அம்மா வாங்கிப் பார்த்தார். "மூணுன்னு போட்டிருக்கீங்களே. பாப்பாவுக்கு மூணு முடிஞ்சிடுச்சா?"

"இல்ல, நடக்குது."

"வர்ற அம்மாங்க எல்லாரும் இதையேதான் எழுதுறீங்க. மேல பாருங்க, முடிஞ்ச வயசு கேட்டிருக்கோம். ரெண்டுன்னு போடுங்க." வெள்ளை மை பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். நிறையப் பேர் தொட்டு அதன் மூடி விரிந்துபோயிருந்தது.

நாம் பேச்சில் நடக்கிற வயதைச் சொல்கிறோம். விண்ணப்பத்தில் முடிந்த வயதை எழுதுகிறோம். இது எனக்குத் தெரியாததா? இருந்தும் தப்பாக எழுதினேன். மூன்றை அழித்து இரண்டு போட்டுக்கொண்டிருந்தபோது, என் நோட்டின் முதல் பக்கம் நினைவுக்கு வந்தது. பாத்திரங்களின் பட்டியல். அதில் நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டத்தின் தலைப்பு: நடக்கும் வயது.

முதல் நாள் கேம் மாஸ்டர் எல்லோரிடமும் கேட்டாள்: "உங்க ஆளுக்கு எத்தனை நடக்குது?" நான் பதினேழு என்றேன். மயிலாப்பூர்ப் பெண் தன் ஏழு சுற்றைச் சொன்னாள். அண்ணா "அம்பத்தெட்டு" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரே வார்த்தை. நடக்கிறதா முடிந்ததா என்று நான் கேட்கவில்லை. கட்டத்தில் ஐம்பத்தெட்டு என்று எழுதிக்கொண்டேன். ஒருவேளை அவர் முடிந்த வயதைச் சொல்லியிருந்தால்?

ஆட்டோவில் வரும்போதே மனசு அதிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்து, மகளுக்குச் சோறு ஊட்டி, அவள் மதியம் தூங்கியதும் நோட்டை எடுத்தேன். முதல் நாள் குறிப்புகளை இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தேன். அண்ணா தன் படகுக்காரியின் கதையைச் சொன்னபோது நான் அவசரமாகக் கிறுக்கிய வரி: 'பெருவெள்ளம் வந்த ஆனி மாசம், படகிலேயே பிறந்தவள்.' அடுத்து, கேம் மாஸ்டர் எங்களுக்குக் கொடுத்திருந்த உலக வரலாற்றுத் தாளைப் பார்த்தேன். பெருவெள்ளம் வந்தது சென்ற சுற்றில், ஈஸ்வர வருடத்தில்.

எங்கள் விளையாட்டில் இப்போது நடப்பது ஈஸ்வர வருடம். ஆவணி மாதம்.

விரல் விட்டு எண்ணினேன். பிறகு பட்டியலைப் பார்த்து எண்ணினேன். விளையாட்டு தொடங்கியது யுவ வருடத்து ஆவணி; யுவ, தாது, ஈஸ்வர என்று வரிசை, அதாவது இரண்டு வருடம் முன். ஈஸ்வர ஆனியில் பிறந்தவளுக்கு யுவ ஆனியில் ஐம்பத்தெட்டு முடியும். ஆக, அண்ணா சொன்னது முடிந்த வயது. நான் எழுதியது ஒரு வயது குறைவு. படகுக்காரிக்கு அறுபது முடிய இன்னும் பத்து மாதம் இல்லை. முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது.

இரண்டு மாதமாக ஒன்றும் ஆகாததற்குக் காரணம், நாங்கள் மலைக்கோட்டைக்குள் மாட்டிக்கொண்டிருந்தோம். தண்ணீர் என்றால் கிணற்றுத் தண்ணீர்தான். போன ஞாயிறுதான் கோட்டையிலிருந்து தப்பினோம். வரும் ஞாயிறு மலையிறங்கி ஆற்றைக் கடக்க வேண்டும். படகை எடுக்கப்போவது அவள்தான். முதல் ஆளாகக் கால் வைக்கப்போவதும் அவள்தான்.

கணக்கை நான்கு தடவை பார்த்தேன். எனக்கு இப்படிப் பார்க்கும் வழக்கம் உண்டு. ஆனால் வழக்கமாக ஒவ்வொரு தடவையும் சந்தேகம் கூடும். அன்று கூடவில்லை. நாலாவது தடவையும் அதே அறுபது.

கணவர் வேலை முடிந்து வந்து, நோட்டும் காலண்டரும் பரப்பிக் கிடப்பதைப் பார்த்தார். "என்ன, ஸ்கூல் ஃபார்மா?"

"அது முடிஞ்சுது. இது வேற. படகுக்காரிக்கு அறுபது ஆயிடுச்சு."

அவர் ஷூவைக் கழற்றியபடி யோசித்தார். "அந்த சீட் கவர் அண்ணாவோட ஆளா?"

"ஆமா. நான் ஒரு வருஷம் கொறச்சு எழுதிட்டேன். இந்த ஞாயித்துக்கிழமை அவ போயாகணும்."

"யாருக்காவது தெரியுமா?"

"எனக்குத் தெரியும்."

"உன்னத் தவிர?"

"இல்ல."

"அப்ப விடேன். ஒரு வருஷம் விளையாடிட்டுப் போறாரு. யாரு வந்து ஆடிட் பண்ணப் போறாங்க?"

"நான்தான் ஆடிட்."

அவர் சிரித்தார். மகள் எழுந்து வந்து அவர் மேல் ஏறிக்கொண்டாள். பேச்சு அதோடு நின்றது. அவர் சொன்னது நியாயம்தான். சொல்லாமல் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அண்ணாவுக்கு வெளி உலகக் கணக்கிலும் பத்து மாதம் கிடைக்கும். அதை நான் கொடுத்தேன் என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பத்து மாதமும் ஒவ்வொரு ஞாயிறும் அவர் "எம்மா நாளு கீது?" என்று கேட்பார். நான் நோட்டைப் பார்த்து ஒரு பொய்யை வாசிக்க வேண்டும். எதிர்ப்பக்கமும் யோசித்தேன். என் கணக்கு சரி என்று காட்டிக்கொள்வதற்காக ஒரு மனிதரிடமிருந்து அவருக்குப் பிடித்த ஒன்றைப் பிடுங்கப் போகிறேனா? அண்ணாவுக்கு வாட்ஸ்அப்பில் மூன்று தடவை எழுதி மூன்று தடவை அழித்தேன். இதை எழுத்தில் சொல்லக்கூடாது, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று மட்டும் முடிவு செய்தேன்.

ஞாயிறு காலை அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். ராயப்பேட்டையிலிருந்து சமோசா வாங்கி வந்திருந்தார். எண்ணெய் காகிதத்தைத் தாண்டி மேஜையில் இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல உற்சாகம்.

"வா வா. இன்னிக்கு ஆறு. மூணு மாசமா கெய்வி தண்ணியப் பாக்கல, காலு அரிக்குதுன்றா."

மயிலாப்பூர்ப் பெண் சமோசாவை டிஷ்யூவில் ஒற்றி எடுத்தபடி, "எங்காத்துல காத்தால நாலு தோசை சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன். இருந்தாலும் பரவால்ல," என்றாள்.

கேம் மாஸ்டர் ஆற்றங்கரையை விவரிக்கத் தொடங்குவதற்கு முன் நான் நோட்டைத் திறந்து நடுவில் வைத்தேன். "அக்கா, ஒரு நிமிஷம். நான் ஒரு தப்பு பண்ணியிருக்கேன்."

"நீ எப்பவும் இப்படித்தான் ஆரம்பிப்ப. அப்புறம் பார்த்தா ஒண்ணும் இருக்காது," என்றாள் அவள்.

"இந்தத் தடவ இருக்கு." அண்ணாவைப் பார்த்தேன். "அண்ணா, மொத நாள் அம்பத்தெட்டுன்னு சொன்னீங்களே. அது நடக்குறதா, முடிஞ்சதா?"

அவர் யோசிக்கவே இல்லை. "முடிஞ்சதுதான்மா. ரேஷன் கார்டு, பேங்கு, எங்க போனாலும் முடிஞ்சதுதானே கேக்குறான். அந்தப் பழக்கத்துல வந்துச்சு. ஏன்?"

நான் சொன்னேன். ஐம்பத்தெட்டு, யுவ ஆனி, பெருவெள்ளம், ஈஸ்வர. பேப்பரில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன், அதைப் பார்க்கத் தேவைப்படவில்லை. மயிலாப்பூர்ப் பெண் வரலாற்றுத் தாளை இழுத்துத் தானும் ஒருமுறை எண்ணினாள். உதடு அசைந்தது. "சரியாத்தான் இருக்கு," என்றாள் மெதுவாக. அவளுடைய படிப்பே கணக்குச் சரிபார்க்கிற படிப்பு. அவள் சொன்னால் அப்பீல் கிடையாது.

அண்ணா கையிலிருந்த சமோசாவைக் கீழே வைத்தார். "இன்னிக்கேவா?"

"ஆத்துல கால் வச்சா," என்றேன்.

கேம் மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்தாள். "இருங்க. நோட்டுல இருக்கிறதுதான் சட்டம்னு நான்தான் சொன்னேன். நோட்டுல அடுத்த வருஷம்னு இருக்கு. அண்ணா, நீங்க வேணும்னா அப்படியே வச்சுக்கலாம். எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல."

எனக்குக் கன்னம் சூடானது. இந்த வழி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் ஆமாம் என்று சொல்லியிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அவரும் முதலில் அந்தப் பக்கம்தான் போனார். "கரீட்டு. எங்க நைனாவுக்கே ரெண்டு வயசு இருந்துச்சு. ஸ்கூலு சேக்கும்போது வாத்தியார் ரெண்டு வயசு ஏத்திப் போட்டு சேத்துக்கினாரு. அது சர்ட்டிபிகேட்டு வயசு. நெசம் வேற. வேலை, பென்சனு எல்லாம் சர்ட்டிபிகேட்டுலதான் நடந்துச்சு. நோட்டுதான் கெய்விக்கு சர்ட்டிபிகேட்டு. அதுல இன்னும் அறுவது ஆவல. ஆறு வந்து கேட்டா எடுத்து நீட்டு."

மயிலாப்பூர்ப் பெண் சிரித்துவிட்டாள். "ஆறு வாசிக்குமா?"

"வாசிக்காட்டி நீ வாசிச்சுக் காட்டு. நானூறு வருஷமா இன்னா படிச்ச?"

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு நோட்டைத் தன் பக்கம் திருப்பி, நான் பென்சிலால் எழுதியிருந்த ஐம்பத்தெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசியபோது வேகம் குறைந்திருந்தது. படகுக்காரியின் வேகம்தான், ஆனால் பேசியது அவர்.

"நைனாவ அம்பத்தெட்டுன்னு வூட்டுக்கு அனுப்பிச்சாங்கோ. நெசமா அம்பத்தாறுதான். நல்லா தெம்பா இருந்தாரு. ஆபீஸ்ல பேப்பரப் பாத்தான், ஆளப் பாக்கல. ஒரு வாரம் நைனா யார்கிட்டயும் பேசல." நோட்டை என் பக்கம் தள்ளினார். "இந்த ஆறு அப்டி இல்லையே. கெய்வி பொறந்ததுலேந்து தினோம் பாத்துக்கினு கீது. அதுகிட்ட போயி பேப்பர நீட்டுனா கெய்விக்குத்தான் அசிங்கம்."

"அண்ணா, நிச்சயமா?" என்றாள் கேம் மாஸ்டர்.

"அழிச்சிட்டு கரீட்டா எழுதுமா," என்றார் என்னிடம்.

அழித்தேன். ஐம்பத்தொன்பது என்று எழுதினேன். என் கட்டம் முதல் நாள் நடந்த வயதுக்கானது.

அதன் பிறகு விளையாட்டு தொடங்கியது. மலையடிவாரம், நாணல், கட்டிப்போட்ட படகு. வழக்கமாக இந்த இடத்தில் படகுக்காரி எங்களை வரிசையாக உட்காரச் சொல்வாள், யார் கனம் யார் லேசு என்று பார்த்து இடம் மாற்றுவாள். அன்றும் அதையே செய்தாள். காட்டுப் பெண்ணை முன்னால் உட்கார வைத்தாள். மூலிகைப் பையை என் மடியிலிருந்து எடுத்து நடுப்பலகையில் வைத்தாள். கயிற்றை அவிழ்த்தாள். ஏறுவதற்குப் பதிலாகத் துடுப்பை என்னிடம் நீட்டினாள்.

"நான் எறங்கி தள்ளி வுடுறேன். நீ புடி," என்றார் அண்ணா.

கேம் மாஸ்டர் சின்னக் குரலில், "தண்ணி முழங்கால் வரைக்கும். ஜில்லுனு இருக்கு. உங்க பேரைச் சொல்லி யாரோ கூப்பிடுறாங்க," என்றாள்.

"தெரிஞ்ச கொரலா?"

"எல்லாமே தெரிஞ்ச குரல்."

அவர் தலையை ஆட்டினார். "வரேன்னு சொல்றேன். படகத் தள்ளிட்டு வரேன்னு சொல்றேன்." இரண்டு கையாலும் மேஜையின் விளிம்பை ஒரு தள்ளுத் தள்ளுவதுபோல் செய்தார். அப்புறம் தன் கேரக்டர் தாளை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மயிலாப்பூர்ப் பெண் ஜன்னல் பக்கம் பார்த்தாள். கீழே தெருவில் யாரோ காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது முடியும்வரை நாங்கள் நால்வரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"இப்ப நீ," என்றாள் கேம் மாஸ்டர் என்னிடம். "துடுப்பு உன் கையில. நடு ஆத்துல நீரோட்டம் இருக்கு. பன்னெண்டுக்கு மேல வேணும்."

பத்தொன்பது நடக்கிற அந்தப் பெண் இதுவரை துடுப்பைத் தொட்டதில்லை. பகடையை உருட்டினேன். நாலு.

"படகு சுத்துது," என்றாள் கேம் மாஸ்டர்.

"இன்னாமா நீ, தொடப்பம் புடிக்கிற மாதிரி புடிச்சிக்கினு," என்றார் அண்ணா.

"அண்ணா, நீங்க பேசக்கூடாது. நீங்க தண்ணிக்குள்ள போயாச்சு."

"தண்ணிக்குள்ளதான் கீறேன். கீழேந்து தள்ளுறேன். தள்ளக்கூடாதுன்னு எந்த நோட்டுல கீது?"

கேம் மாஸ்டர் என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் புரட்டவில்லை. அப்படி ஒரு வரி அதில் இல்லை என்று எனக்குத் தெரியும். "இல்ல," என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி. அவர் தள்ளுறதுக்கு ரெண்டு கூட்டிக்கோ."

நாலும் இரண்டும் ஆறு. அதற்கும் படகு திரும்பவில்லை. அண்ணா ஆறிப்போன சமோசாவை எடுத்துக் கடித்துக்கொண்டு, பகடையை என் பக்கம் உருட்டி விட்டார். நான் எடுத்தேன்.